பழங்குடி மக்களும் அரசாங்கத்தின் பொறுப்பும்

கோயம்புத்தூரிலோ சேலத்திலோ தன்பாத் விரைவு வண்டியில் ஏறி, ரூர்கேலாவுக்கும் ராஞ்சிக்கும் போகாரோவுக்கும் பணிக்குத் திரும்பும் தமிழன்பர்கள் பலர் உளர். வண்டி விஜயநகரத்தைக் கடந்து ஒடிசா மாநிலத்துள் புகுந்த பின்னர் ராயகடா என்னும் நிலையம் வருகின்றது. சிலர் தேநீர் வாங்க இறங்குவர், பலர் உறங்கிக்கொண்டிருப்பர். அந்த மாவட்டத்தில் நியமகிரி என்றொரு மலைத்தொடர் இருக்கின்றது. அதன் சரிவுகளில் டோங்கரியா கோந்த் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் குவி மொழி நம் தமிழுக்கு உறவான திராவிட மொழிகளுள் ஒன்று.

2013-ஆம் ஆண்டில் அம்மலையின் 12 சிற்றூர்களில் கிராம சபைகள் கூடின. தங்கள் மலையில் சுரங்கம் தோண்டும் திட்டத்தைப் பற்றி அவ்வூரார் கருத்துரைக்குமாறு கேட்கப்பட்டனர். பன்னிரண்டு ஊராரும் வேண்டாம் என்றனர். அத்திட்டம் கைவிடப்பட்டது.

பழங்குடி மக்களுக்குச் சமூக நீதி என்ற தொடரை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அரசாங்கத்தின் பொறுப்பு என்பதையும் கேட்கின்றோம். இவை மேடைச் சொற்களாக நின்றுவிடாமல் நடைமுறைக்கு வரும்போது மூன்று கடமைகளாகப் பிரிகின்றன. முதலாவது, ஒரு காரியத்தைச் செய்யுமுன் அதனால் பாதிக்கப்படுவோரைக் கேட்பது. இரண்டாவது, அவர்கள் உரிமை கோரும்போது மறுப்பதாயின் காரணம் கூறுவது. மூன்றாவது, அரசாங்க ஊழியரே தவறிழைத்தால் அவரைத் தண்டிப்பது. இம்மூன்றும் எவ்வாறு சட்டமாயின, எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவர்கள் யாவர்?

2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பட்டியல் பழங்குடியினர் ஏறத்தாழ 10 கோடியே 43 லட்சம் பேர். அதாவது நாட்டு மக்களில் 8.6 சதவிகிதம். தமிழ்நாட்டில் இவர்கள் பங்கு 1.1 சதவிகிதமே. ஆகவே தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர் பழங்குடி மக்களுடன் பழகும் வாய்ப்பின்றியே வளர்ந்தோம். ஆனால் ஒடிசாவில் 22.8 சதவிகிதமும், ஜார்க்கண்டில் 26.2 சதவிகிதமும், சத்தீஸ்கரில் 30.6 சதவிகிதமும் பழங்குடியினர் ஆவர். பிழைப்பைத் தேடி இம்மாநிலங்களுக்கு வந்த தமிழர், தாம் அறியாமலே பழங்குடி மக்களின் அண்டை வீட்டாராகிவிட்டனர்.

இவர்களை எப்பெயரால் அழைப்பது என்பதே அரசியல் நிர்ணய சபையில் ஒரு விவாதமாக எழுந்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயங்களில் இந்திய ஹாக்கி அணியின் தலைவராக இருந்த ஜெய்பால் சிங் முண்டா, பின்னர் அச்சபையில் பழங்குடி மக்களின் குரலாக விளங்கினார். மொழிபெயர்ப்புகளில் தம் மக்களைக் காட்டுச் சாதியினர் என்று பொருள்படும் 'பன்ஜாதி' என்ற சொல்லால் குறித்ததை அவர் மறுத்தார். 'ஆதிவாசி', அதாவது ஆதியிலிருந்து வாழ்பவர், என்ற சொல்லே மதிப்புடையது என வாதாடினார். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடம். ஒரு சொல் ஓர் இனத்தாரை மண்ணுக்குரியவர் ஆக்குகின்றது. மற்றொரு சொல் அவர்களை விலங்கினத்துக்கு அருகே கொண்டு நிறுத்துகின்றது.

பறிபோன காடும் நிலமும்

பழங்குடி மக்களின் குறைகளுக்கெல்லாம் வேர், காட்டின் மீதும் நிலத்தின் மீதும் அவர்களுக்கிருந்த உரிமை பறிபோனதில் இருக்கின்றது. 1865-இலும், 1878-இலும், பின்னர் 1927-இலும் ஆங்கில அரசாங்கம் இயற்றிய வனச் சட்டங்கள் காடுகளை அரசாங்கச் சொத்தாக வகைப்படுத்தின. தலைமுறை தலைமுறையாக அங்கே விறகு பொறுக்கியவரும், தேன் எடுத்தவரும், மலைச் சரிவில் தினை விதைத்தவரும் ஒரே நாளில் அத்துமீறி நுழைந்தவர் ஆயினர். அவர்கள் கையில் பட்டாவோ ரசீதோ இல்லை. எழுத்தில்லாத உரிமையை எழுத்துள்ள சட்டம் அறிந்துகொள்ளவில்லை.

சமவெளியில் வேறு விதமான இழப்பு. கடன் கொடுத்தோரும், குத்தகை எடுத்தோரும், நிலவரி இடைத்தரகரும் பழங்குடியினர் நிலங்களை எளிதில் கைப்பற்றினர். 1855-இல் சந்தால் மக்கள் கிளர்ந்தெழுந்ததும், 1899-1900-இல் சோட்டாநாகபுரியில் பிர்சா முண்டாவின் தலைமையில் முண்டா மக்கள் போராடியதும் இதனாலேயே. பிர்சா 1900-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் ராஞ்சிச் சிறையில் இறந்தார். அவருக்கு அப்போது வயது 25-ஐ ஒட்டியே இருந்தது. அப்போராட்டத்தின் விளைவாகவே 1908-இல் சோட்டாநாகபுரி குடிவாரச் சட்டம் பிறந்தது. பழங்குடியினரின் நிலம் பிறருக்குக் கைமாறுவதை அச்சட்டம் தடுக்கின்றது. இன்றும் அது ஜார்க்கண்டில் நடைமுறையில் உள்ளது. ஒடிசாவிலும் 1956-ஆம் ஆண்டு முதல் இத்தகைய ஒழுங்குமுறை ஒன்று பட்டியல் பகுதிகளில் இருந்துவருகின்றது.

இது நம்மவருக்கு நேரே தொடர்புடைய செய்தி. ராஞ்சியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், நகரின் புறத்தே ஒரு மனை மலிவாகக் கிடைக்கின்றது என்று கூறி, அதன் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லுமாறு நம்மிடம் அனுப்பியிருந்தார். படித்துப் பார்த்தோம். முறையான கிரயப் பத்திரம் எழுத இயலாது என்பதால்தான் வெறும் ஒப்பந்தம் எழுதியிருந்தனர். நிலத்துக்குரியவர் ஒரு முண்டா குடியானவர். பணம் பெற்றுக்கொண்டவரோ இடைத்தரகர். "எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்று நண்பர் முதலில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, "வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முன்பணம் போனது போகட்டும்" என்று தெரிவித்தார். அவர் இழந்தது சில ஆயிரம் ரூபாய். மனையை வாங்கியிருந்தால் அந்தக் குடியானவர் இழந்திருப்பது அவருடைய பிள்ளைகளின் வயல். நிலம் மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று கேட்பதே நேர்மையின் முதற்படி.

அரசியல் சட்டம் செய்த ஏற்பாடு

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் இக்குறைகளை உணர்ந்தே எழுதப்பட்டது. பழங்குடி மக்களின் கல்வி, பொருளாதார நலன்களைப் பேணுவதும், அவர்களைச் சமூக அநீதியிலிருந்தும் சுரண்டலிலிருந்தும் காப்பதும் அரசின் கடமை என 46-ஆவது பிரிவு கூறுகின்றது. ஐந்தாவது அட்டவணை, பழங்குடியினர் மிகுதியாக வாழும் இடங்களைப் பட்டியல் பகுதிகளாக அறிவிக்க வழி செய்கின்றது. இன்று 10 மாநிலங்களில் இத்தகைய பகுதிகள் உள்ளன. ஜார்க்கண்டு, ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், ஆந்திரம், தெலங்கானா, இமாசலப் பிரதேசம் ஆகியவை அவை. அசாம், மேகாலயம், திரிபுரா, மிசோரம் ஆகியவற்றின் பழங்குடிப் பகுதிகளுக்கு ஆறாவது அட்டவணை தன்னாட்சி மாவட்டக் குழுக்களை அமைத்துத் தருகின்றது.

ஐந்தாவது அட்டவணையில் ஆளுநருக்குத் தனிப்பொறுப்பு உண்டு. பழங்குடியினரின் நிலம் கைமாறுவதைத் தடுக்கவும், அவர்களுக்குக் கடன் கொடுப்போரை ஒழுங்குபடுத்தவும் அவர் விதிகள் செய்யலாம். பாராளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய ஒரு சட்டம் பட்டியல் பகுதிக்குப் பொருந்தாது என்றும் அவர் அறிவிக்கலாம். அப்பகுதிகளின் நிர்வாகம் குறித்து அவர் குடியரசுத் தலைவருக்கு ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். பழங்குடி ஆலோசனைக் குழு ஒன்றும் அமைக்கப்பட வேண்டும்; அதன் உறுப்பினரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சட்டமன்றத்தில் உள்ள பழங்குடிப் பிரதிநிதிகளாக இருத்தல் வேண்டும். 2003-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தால், பழங்குடியினருக்கெனத் தனித் தேசிய ஆணையம் ஏற்பட்டு, 2004 முதல் இயங்குகின்றது. அதன் அறிக்கைகள் பாராளுமன்றத்தில் வைக்கப்படும்போது, அரசாங்கம் எடுத்த நடவடிக்கையையும், ஏற்காத பரிந்துரைக்கு உரிய காரணத்தையும் உடன் வைக்க வேண்டும் என்பது விதி.

ஏற்பாடு சிறந்ததே. ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆளுநர்களின் ஆண்டறிக்கைகள் உரிய காலத்தில் வருவதில்லை என்பதும், வந்தவையும் வழக்கமான புள்ளிவிவரத் தொகுப்பாக நின்றுவிடுகின்றன என்பதும் நெடுங்காலக் குறைபாடுகள். அறிக்கை எழுதுவோர், அதைப் பெறுவோர், படிப்போர் ஆகிய யாவரும் தலைநகரங்களில் இருக்க, எவரைப் பற்றி அறிக்கை எழுதப்படுகின்றதோ அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. பொறுப்பு மேல்நோக்கியே சென்றது; மக்களை நோக்கி வரவில்லை.

இதற்கிடையே நாடு தொழில் வளர்ச்சியில் இறங்கியது. ரூர்கேலா, பிலாய், போகாரோ ஆகிய உருக்கு நகரங்களும், ராஞ்சியின் கனரக இயந்திர ஆலையும், ஹிராகுட் அணையும் எழுந்தன. இவற்றால் நாடு உயர்ந்தது. பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களும் வாழ்வு பெற்றன. நம் பிள்ளைகள் படித்த பள்ளியும், நாம் கட்டிய முருகன் கோயிலும் இந்நகரங்களில் இருக்கின்றன. ஆனால் அந்நகரங்கள் வெற்றிடத்தில் எழவில்லை. அங்கே ஊர்கள் இருந்தன. வயல்களும் சாலமரத் தோப்புகளும் இருந்தன. திட்டங்களால் இடம் பெயர்ந்தோரில் சுமார் 40 சதவிகிதம் பேர் பழங்குடியினர் என்பது அரசாங்கக் குழுக்களே எடுத்தாளும் மதிப்பீடு. மக்கட்தொகையில் 8.6 சதவிகிதமாக உள்ளவர்கள், வளர்ச்சியின் விலையில் 40 சதவிகிதத்தைச் செலுத்தியிருக்கின்றனர்.

கலந்தாலோசனையும் ஒப்புதலும்

இந்நிலையை மாற்ற மூன்று சட்டங்கள் பிறந்தன. 1996-இல், பஞ்சாயத்து முறையைப் பட்டியல் பகுதிகளுக்கு விரிக்கும் சட்டம் வந்தது. கிராம சபையே ஊரின் மரபையும் இயற்கை வளத்தையும் காக்க வல்லது என்று அது ஏற்றுக்கொண்டது. 2006-இல் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. காட்டில் வாழ்வோருக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று அதன் முகவுரையே ஒப்புக்கொள்கின்றது. ஓர் அரசு தன் சட்டத்தின் முகப்பிலேயே தவற்றை ஏற்பது அரிது. 2013-இல் புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, 2014-ஆம் ஆண்டு முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

இவற்றின் சொற்களை உற்று நோக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியல் பகுதியில் நிலம் எடுக்குமுன் கிராம சபையையோ உரிய பஞ்சாயத்தையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்றது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், முன்னதாக ஒப்புதல் பெற வேண்டும் என்கின்றது. இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கலாம், ஒன்றல்ல. கலந்தாலோசித்தவர், கேட்டுவிட்டுத் தம் விருப்பப்படி செய்யலாம். ஒப்புதல் வேண்டும் என்றால், இல்லை என்ற விடை வந்தவுடன் நின்றுவிட வேண்டும்.

இவ்வேறுபாட்டை நாம் ஒரு பிழையின் மூலமே நன்கு உணர்ந்தோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு விளக்கத் துண்டறிக்கையைத் தமிழில் பெயர்க்கும்போது, ஒப்புதல் என்று இருக்க வேண்டிய இடத்தில், ஓசை நயம் கருதி, 'ஊராரைக் கலந்து' என்று எழுதிவிட்டோம். அச்சுக்குப் போகுமுன் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த இளைய ஊழியர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார். ஒரு வரியைத் திருத்த இரண்டு நிமிடம் ஆயிற்று. அது திருத்தப்படாமல் போயிருந்தால், அதைப் படித்த ஒருவர் தமக்கு மறுக்கும் உரிமை இருப்பதையே அறியாமல் இருந்திருப்பார்.

வன உரிமைச் சட்டம் தரும் உரிமைகள் இருவகைப்பட்டவை. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடியினர் பயிரிட்டுவரும் வன நிலத்துக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல், உரிமைப் பட்டா உண்டு. அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படும், பிள்ளைகளுக்குச் சேரும், விற்க இயலாது. இது தனி உரிமை. ஊர் முழுவதற்கும் பொதுவாக, சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும், தங்கள் காட்டைப் பாதுகாத்து மேலாளவும் உள்ள உரிமை மற்றொரு வகை. பழங்குடியினர் அல்லாத பிற வனவாசிகளும், மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுக் காலம், அங்கே வாழ்ந்தமையை நிறுவினால் இவ்வுரிமைகளைக் கோரலாம்.

கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. அச்சபை கூடும்போது உறுப்பினரில் பாதிப்பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வந்திருப்போரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். பழைய வீடு, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவையும் சான்றாகக் கொள்ளப்படும். ஊர் முதியோரின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டால் அதுவும் சான்றே. எழுத்தில்லாத உரிமையை 1865-இல் அறிய மறுத்த சட்டம், ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின்னர் முதியவர் சொல்லைக் கேட்கச் சம்மதித்தது.

நியமகிரியில் கேட்கப்பட்ட கேள்வி

இனி நியமகிரிக்குத் திரும்புவோம். அம்மலையின் உச்சியில் பாக்சைட் தாது பரந்து கிடக்கின்றது. அடிவாரத்தில், லாஞ்சிகட் என்னும் ஊரில், வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலை எழுந்தது. அந்த ஆலைக்காக மலையில் சுரங்கம் தோண்ட ஒடிசா மாநிலச் சுரங்கக் கழகம் அனுமதி கோரியது. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வன நிலத்துக்கான இறுதி அனுமதியை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் அந்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. சுரங்கம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நீதிபதிகள் தாமே முடிவு கூறவில்லை. அம்மக்களின் நில உரிமைகளும், அவர்கள் நியம ராஜா என்று வணங்கும் மலைத் தெய்வத்தின் வழிபாட்டுரிமையும் இத்திட்டத்தால் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்றனர். கூட்டங்கள் எவ்வகை வற்புறுத்தலுமின்றி நடைபெறுவதைப் பார்க்க மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் பணித்தனர்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், மழைக் காலத்தில், ராயகடா மாவட்டத்தில் 7 ஊர்களிலும் கலஹண்டி மாவட்டத்தில் 5 ஊர்களிலும் சபைகள் கூடின. பன்னிரண்டு ஊர்கள் போதுமா, மலையைச் சார்ந்த எல்லா ஊர்களையும் கேட்க வேண்டாவா என்ற விவாதமும் அப்போதே எழுந்தது. கூடிய சபைகள் அனைத்தும் திட்டத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் அதை இறுதியாக மறுத்தது. மீண்டும் கிராம சபைகளைக் கூட்ட வேண்டும் என்ற முயற்சியையும் 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இவ்வாறு கேட்டுக்கொண்டிருந்தால் நாடு எப்படி முன்னேறும் என்று சிலர் வினவுவர். அவ்வினாவை இகழ்ந்து ஒதுக்குதல் முறையன்று. இரும்பும் அலுமினியமும் மின்சாரமும் நாட்டுக்கு வேண்டியவையே. அவை பழங்குடி மக்களுக்கும் வேண்டியவையே. ஆயினும் சட்டம் சுரங்கத்தையோ ஆலையையோ முற்றாகத் தடை செய்யவில்லை. நிலத்துக்குரியவரைக் கேள் என்று மட்டுமே சொல்கின்றது. பெருநகரத்தில் நம் வீட்டை இடித்துச் சாலை போட வேண்டுமானால், முன்னறிவிப்பும் விசாரணையும் வேண்டும் என்று நாம் நீதிமன்றம் செல்வோம். நமக்கு நியாயமாகத் தோன்றும் அம்முறை, மலைவாழ் மக்கள் கோரும்போது மட்டும் முன்னேற்றத்துக்கு இடையூறு ஆகிவிடாது.

மறுப்பதற்குக் காரணம்

இரண்டாவது கடமை, மறுப்பதாயின் காரணம் கூறுவது. வன உரிமைச் சட்டத்தின்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட பட்டாக்கள் வழங்கப்பட்டுள்ளன. பல லட்சம் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டும் உள்ளன. நிராகரிக்கும் முடிவைக் கோரியவருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். விசாரணை முடியும் வரை எவரையும் வெளியேற்றலாகாது.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் பல மாநிலங்களுக்கு ஆணையிட்டது. லட்சக்கணக்கான குடும்பங்கள் கலங்கின. அதே மாதம் 28-ஆம் நாள் நீதிமன்றமே அவ்வாணையை நிறுத்தி வைத்தது. எந்த முறையைப் பின்பற்றிக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன, சான்று காட்ட வாய்ப்புத் தரப்பட்டதா, காரணம் கூறும் ஆணை பிறப்பிக்கப்பட்டதா என்று மாநிலங்களை வினவியது. அவ்வினா எழுந்த பின்னர் பல மாநிலங்கள் தம் முடிவுகளை மறுபரிசீலனை செய்ய முற்பட்டன. முன்னரே காரணம் எழுதியிருந்தால் இரண்டாம் முறை ஆராயத் தேவை என்ன? அலுவலகங்களில் பணிபுரியும் அன்பர்கள் இதை நன்கு உணர்வர். 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லைக் கோப்பில் எழுதுவது எளிது. 'இன்ன காரணத்தால்' என்று எழுதத் தொடங்கும்போதே, அக்காரணம் உண்மையில் இருக்கின்றதா என்று மனம் தேடத் தொடங்கும்.

தவறிழைத்தவர் பதில் கூறுதல்

மூன்றாவது கடமைக்கு எடுத்துக்காட்டு, வருத்தத்துக்குரிய முறையில், நம் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றது. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு பழங்குடிச் சிற்றூர் உண்டு. 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் அவ்வூருள் புகுந்தனர். ஊராரை அடித்தனர், வீடுகளைச் சூறையாடினர், 18 பெண்களை வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். அடிபட்டவர்களே சிறையில் அடைக்கப்பட்டனர்.

1995-இல் உயர் நீதிமன்ற ஆணையால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் அனைவரும் குற்றவாளிகளே எனத் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறும், அந்நாளைய மாவட்ட உயரதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்குமாறும் ஆணையிட்டது. 31 ஆண்டுகள் கழிந்தன. அன்று பள்ளிச் சிறுமியாய் இருந்தவர் நடுவயதை எட்டிவிட்டார். அம்மக்கள் தளராமல் நின்றதால் நீதி கிடைத்தது. ஆயினும் இத்துணை நெடிய பொறுமையை எந்த அரசும் தன் குடிகளிடம் எதிர்பார்க்கலாகாது.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தன் கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசாங்க ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கின்றது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், வன உரிமையை முறைகேடாகப் பறிப்பதையும் அச்சட்டத்தின்கீழ் குற்றமாக்கியது. மாறாக, வன உரிமைச் சட்டத்தை மீறும் அதிகாரிக்கு அச்சட்டமே விதிக்கும் அபராதம் 1,000 ரூபாய்க்கு மேற்படாது. ஒரு குடும்பத்தின் காணி நிலத்தை மறுத்தவருக்கு அத்தொகை சுமையாகுமா என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நாம் செய்யத்தக்கது

சட்டங்கள் முன்னேறுவதும் பின்வாங்குவதும் உண்டு. வன நிலத்தைப் பிற பணிகளுக்கு மாற்றுமுன் கிராம சபையின் ஒப்புதலைக் காட்ட வேண்டும் என்று 2009-இல் மத்திய அமைச்சகம் சுற்றறிக்கை விடுத்தது. 2022-ஆம் ஆண்டின் புதிய வன விதிகளோ, மத்திய அரசு இறுதி அனுமதி வழங்கிய பின்னர் மாநில அரசு வன உரிமைகளைக் கவனித்துக்கொள்ளும் வகையில் அமைந்தன. தேசியப் பழங்குடி ஆணையமே இதை ஆட்சேபித்தது. அனுமதி முடிந்த பின்னர் கேட்பது, திருமண நாள் குறித்துப் பத்திரிகை அச்சிட்ட பின்னர் பெண்ணின் சம்மதத்தைக் கேட்பது போன்றதாகும்.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழராகிய நாம் என்ன செய்யக் கூடும்? பழங்குடியினரின் நிலத்தை மறைமுகமாக வாங்காதிருப்பது ஒன்று. ஜார்க்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் பெருநகரங்களுக்கு வந்து நம் வீடுகளில் வேலை செய்யும் பழங்குடிப் பெண்களுக்கு உரிய ஊதியமும், ஓய்வு நாளும், ஊர் சென்று வர விடுப்பும் தருவது மற்றொன்று. அரசாங்கப் பணியில் இருப்போர், தம்மிடம் வரும் கோரிக்கையில் காரணம் எழுதாமல் கையொப்பமிடாதிருக்கலாம். அவர்கள் மொழியில் பத்துச் சொற்களையேனும் கற்றுக்கொள்ளலாம். ஒராவ் மக்கள் பேசும் குருக் மொழி நம் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சந்தாலி மொழி 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் தமிழோடு இடம் பெற்றுள்ளது.

செய்தித்தாளில் ஒரு புதிய அணையையோ சுரங்கத்தையோ ஆலையையோ பற்றிப் படிக்கும்போது, எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று நாம் தேடுகின்றோம். அவ்வூராரைக் கேட்டார்களா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் அச்செய்தியில் தேடுவோமாக. அடுத்த முறை வண்டி ராயகடாவில் நிற்கும்போது விழித்திருப்போர், சன்னல் வழியே அம்மலைகளை ஒருமுறை பார்க்கலாம். அப்பக்கத்து மலை ஒன்றில் கேட்கப்பட்ட கேள்விக்கு 12 ஊரார் விடையளித்தனர்; அவ்விடையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஒருமுறை நடந்தது எங்கும் நடக்கக் கூடியதே.